இல்லாத ராஜாவின் வெள்ளிக்காசு

வில்ஃப் மிண்டம் அந்தக் காசைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்த அன்று நான் சொன்னது இரண்டே வாக்கியம். சொல்லி முடிக்க அரை நிமிடம் ஆகியிருக்காது. அந்த அரை நிமிடத்துக்காக நான் அவ்வளவாக வருந்துவதில்லை. தவறு யாருக்கும் வரும். அது தவறு என்று தெரிந்த பிறகு வந்த எட்டு மாதங்களைப் பற்றித்தான் இதை எழுதுகிறேன்.

அப்போது இங்கிலாந்தின் டவுனம் என்ற ஊரில் எங்களுக்கு ஒரு நாணயச் சங்கம் இருந்தது. சங்கம் என்றால் பெரிதாக எண்ணிவிட வேண்டாம், பத்துப் பேர். மாதத்தின் முதல் சனிக்கிழமை மூன்று மணிக்குத் தேவாலயத்தின் பின்கூடத்தில் கூடுவோம். முரியல் தர்ட்டில் தேநீர் போடுவார். அவர் தபால் நிலையத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். கசகசா கேக்கைத் தடித்த துண்டுகளாக வெட்டி வைத்துவிட்டு, "காசைத் தொட்ட கையால கேக்கத் தொடாதீங்க, எழுநூறு வருஷ அழுக்கு" என்று எல்லாரையும் அதட்டுவார். மற்றவர்கள் கசாப்புக்கடை லார்வுட், இரண்டு விவசாயிகள், ஒரு பல் மருத்துவர், இப்படி. நான் பையன்கள் பள்ளியில் லத்தீன் வாத்தியார். காசுகளின் விளிம்பில் இருக்கும் எழுத்தை வாசிக்கத் தெரிந்தவன் நான் ஒருவன்தான். அதனால் எது நல்லது, எது போலி என்று சொல்லும் வேலை எப்படியோ என் தலையில் வந்து விழுந்தது. விழுந்தது என்று சொல்வது பொய். நானே அதை எடுத்துச் சூடிக்கொண்டேன்.

வில்ஃப் லாரி ஓட்டுகிறவர். இலையுதிர்காலம் தொடங்கிவிட்டால் மூன்று, நான்கு மாதம் வயல்களிலிருந்து பீட் கிழங்கை ஏற்றிச் சர்க்கரை ஆலையில் கொட்டுவது அவர் வேலை. கனத்த உடம்பு, சிவந்த காது. பதினான்கு வயதில் பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆனால் எங்கள் பத்துப் பேரில் காசுகள் மேல் உண்மையான பிரியம் வைத்திருந்தவர் அவர்தான் என்பேன். நாங்கள் எல்லாம் அரிதானது எது, விலை ஏறியது எது என்று அலைந்தோம். அவருக்கு வேண்டியது ராஜாக்கள். வெற்றிவீரன் வில்லியம் தொடங்கி மூன்றாம் ரிச்சர்டு வரை பதினெட்டுப் பேர். ஆளுக்கு ஒரு வெள்ளிப் பென்னி, அவ்வளவுதான். பழைய கதவுப் பலகையை இழைத்துப் பதினெட்டுக் குழி தோண்டி, பச்சைக் கம்பளித் துணி ஒட்டி ஒரு தட்டு செய்து வைத்திருந்தார். இருபது வருடத்தில் பதினொரு குழி நிரம்பியிருந்தது.

ராஜாக்களைப் பற்றி அவர் பேசுவது ஆலையில் தன்னோடு வேலை பார்க்கிறவர்களைப் பற்றிப் பேசுவது போலவே இருக்கும். சிங்கநெஞ்சன் ரிச்சர்டும் அவன் தம்பி ஜானும் தங்கள் பெயரைப் போடாமல் தகப்பன் ஹென்றியின் பெயரிலேயே இங்கிலாந்தில் காசு அடித்தார்கள் என்று நான் ஒரு முறை சொன்னேன். அவருக்குச் சிரிப்புத் தாங்கவில்லை.

"அப்பன் பேரச் சொல்லியே பொழப்ப ஓட்டிட்டானுங்களா ரெண்டு பேரும்! எங்க ஆலையில மேனேஜர் மகன் ஒருத்தன் இருக்கான், இதே கதைதான்."

இன்னொரு முறை, ஐந்தாம் எட்வர்டின் குழியை மட்டும் ஏன் மற்றவற்றைவிடச் சின்னதாகத் தோண்டியிருக்கிறீர்கள் என்று கேட்டேன். அந்தச் சிறுவன் பட்டத்துக்கு வந்து மூன்று மாதம்கூட இருக்கவில்லை. அவன் காசு கோடீஸ்வரர்களுக்கே கிடைப்பதில்லை. வில்ஃப் கொஞ்சம் கூச்சத்தோடு சொன்னார்: "கெடைக்காதுன்னு தெரியும், வாத்தியாரே. ஆனா புள்ளைக்கு எடம் இல்லாம விட மனசு வரல."

அந்த வருடம், 1979, டிசம்பர் கூட்டத்துக்கு அவர் எல்லாருக்கும் கடைசியாக வந்து சேர்ந்தார். கோட்டைக்கூடக் கழற்றவில்லை. பூட்ஸில் கறுப்புச் சேறு.

"வாத்தியாரே, ஸ்டீபன் கெடச்சுட்டான்!"

ஸ்டீபன் ராஜாவின் காசு அவருக்குப் பல வருடக் குறை. அந்த ராஜாவின் காலம் முழுக்கச் சண்டை. காசுகளும் அரைகுறையாக அடிபட்டவை. நல்லதாக ஒன்று வாங்க வேண்டுமென்றால் அவர் சம்பளத்துக்குக் கட்டாது.

"யார்கிட்ட வாங்கினீங்க?" என்றேன்.

"வாங்கலியே! அவனே வந்து என் லாரியில ஏறிக்கிட்டான். டிக்கெட்கூட எடுக்கல."

கிழங்கைக் கொட்டிவிட்டு லாரித் தொட்டியில் ஒட்டியிருந்த மண்ணை மண்வெட்டியால் சுரண்டும்போது ஒரு கட்டியில் பளிச்சென்று ஏதோ தெரிந்ததாம். அன்று நான்கு வயல்களில் ஏற்றியிருக்கிறார். எந்த வயல் மண் என்று தெரியாததால் நான்கு விவசாயிகளிடமும் போய், "இது உங்களுதா இருக்கலாம்" என்று காட்டியிருக்கிறார். நான்கு பேரும் சிரித்துவிட்டு அவரையே வைத்துக்கொள்ளச் சொல்லியிருக்கிறார்கள். அப்படிப்பட்ட மனிதர்.

கைக்குட்டையைப் பிரித்து என் முன்னால் வைத்தார். எல்லாரும் சூழ்ந்து நின்றார்கள். நான் உருப்பெருக்கியைக் கண்ணில் வைத்தேன்.

ஸ்டீபன் காசில் இருப்பது போலவே ஒரு பக்கம் முடி தரித்த முகம், கையில் செங்கோல். பின்புறம் சிலுவை. ஊர்ப்பெயர் பாதி தேய்ந்துவிட்டது. முன்புறத்து எழுத்து மட்டும் நன்றாக இருந்தது. அதை ஒவ்வொன்றாக வாசித்தேன். ஸ்டீபன் இல்லை. மறுபடி வாசித்தேன். 'பெரெரிக்' என்று வந்தது. லத்தீனில் அப்படி ஒரு சொல் இல்லை. இங்கிலாந்தில் அப்படி ஒரு ராஜா இல்லை.

ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். அந்தக் காசு கையில் சரியாக இருந்தது. ஆயிரம் காசைத் தொட்டவனுக்கு விரலே சொல்லிவிடும். என் விரல் 'இது நல்லது' என்றது. ஆனால் சுற்றி ஒன்பது பேர் என் வாயைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள். 'எனக்குத் தெரியவில்லை' என்ற சொல் எனக்கு அந்தக் கூடத்தில் ஒரு நாளும் தேவைப்பட்டதில்லை. அன்றும் அதை எடுக்க மனம் வரவில்லை.

"பெரெரிக்னு ஒரு ராஜா இந்த நாட்ட ஆண்டதே இல்ல, வில்ஃப்," என்றேன். "எழுத்துக்கூடத் தெரியாத எவனோ சந்தையில ஏமாத்தி விக்க அடிச்ச போலி இது."

லார்வுட் உடனே, "பெரெரிக்கா? எங்க மாமியாரோட மொதப் புருஷன் பேரு அதானே!" என்றார். கூடமே சிரித்தது. "மகாராஜா பெரெரிக்குக்கு ஜே" என்று பல் மருத்துவர் தேநீர்க் கோப்பையைத் தூக்கினார். வில்ஃபும் சிரித்தார். அவர் காது இன்னும் சிவந்துபோனது.

முரியல் மட்டும் சிரிக்காமல் என்னிடம் திரும்பினார். "லயனல், நாரிச் மியூசியத்துக்கு ஒரு தடவ அனுப்பிப் பார்க்கலாமே. அங்க இதுக்குன்னே ஆள் இருக்கு," என்றார்.

"தபால்தலைதான் வீண்," என்றேன்.

வில்ஃப் காசைக் கைக்குட்டையில் மடித்தார். மடித்தவர் என்னைப் பார்த்து மெதுவாகக் கேட்டார்:

"நிச்சயந்தானா, வாத்தியாரே?"

"நிச்சயம்."

"அப்ப சரி."

அவ்வளவுதான் நடந்தது.

பிப்ரவரி மாதக் கூட்டத்தில் பேச ஆள் கிடைக்கவில்லை. நானே ஸ்டீபனின் காசுகளைப் பற்றிப் பேசுவதாக ஒப்புக்கொண்டேன். கூட்டத்துக்கு இரண்டு நாள் முன்பு, பள்ளி விட்டு வந்து, சமையலறை மேசையில் புத்தகத்தைப் பிரித்தேன். நான் பத்து வருடமாக வைத்திருந்த தடித்த கையேடு. அதில் பாதிப் பக்கங்கள் எனக்கு மனப்பாடம். அடிக்குறிப்புகளை மட்டும் நான் படிப்பதில்லை.

நூற்று நாற்பதாம் பக்கமோ என்னவோ, அடியில் பொடி எழுத்தில் நான்கு வரி இருந்தது. 1141இல் லிங்கன் போரில் ஸ்டீபன் தோற்றுச் சிறைப்பட்டான். அவனோடு முடிக்குப் போட்டியிட்ட பேரரசி மெட்டில்டா லண்டனுக்குள் வந்தாள், ஆனால் முடிசூட்டிக்கொள்ளவில்லை. அடுத்து ஆளப்போவது யார் என்று யாருக்கும் தெரியாத அந்த மாதங்களில், காசு அடிக்கிறவர்கள் சிலர் அரசன் பெயர் இருக்க வேண்டிய இடத்தில் 'பெரெரிக்' என்ற விளங்காத சொல்லைப் பொறித்தார்கள். பேரரசியைக் குறிக்கும் லத்தீன் சொல்லின் சிதைவாக இருக்கலாம் என்பது அறிஞர்கள் சிலர் கருத்து. மிக அரிது.

அந்தக் கடைசிச் சொல்லையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அடுப்பில் பால் பொங்கி வழிந்து தீய்ந்த நாற்றம் வந்த பிறகுதான் எழுந்தேன்.

எனக்கு என்ன தோன்றியது என்பதை இப்போது நினைத்தாலும் வெட்கமாக இருக்கிறது. முதலில் தோன்றியது வில்ஃப் இல்லை. காசு அடித்த அந்த மனிதன்தான் தோன்றினான். எந்தப் பெயரைப் போட்டாலும் நாளைக்குக் கை போய்விடுமோ என்று பயந்து, இரண்டு பக்கத்தாரிடமும் சொல்லிக்கொள்ள ஒரு சொல்லைக் கண்டுபிடித்தவன். அதை நான் எழுத்துத் தெரியாதவன் வேலை என்று சொல்லியிருந்தேன். அவனுக்கு என்னைவிட நன்றாகவே எழுத்துத் தெரிந்திருக்கிறது.

பிறகு வில்ஃப் நினைவு வந்தது. உடனே கோட்டை மாட்டிக்கொண்டு சைக்கிளை எடுத்தேன். அவர் வீடு பத்து நிமிடம். தெரு முனை வரை போனேன். வாசலில் அவர் லாரி நின்றது. முன்னறையில் விளக்கு எரிந்தது. அவர் மனைவி ஐரிஸ் ஜன்னல் திரையை இழுத்து மூடுவது தெரிந்தது. சைக்கிளில் இருந்து இறங்கவே இல்லை. ஒரு காலை நடைபாதையில் ஊன்றியபடி நின்றேன். சாப்பிடும் நேரம், இப்போது போய்க் கதவைத் தட்டுவானேன், சனிக்கிழமை கூட்டத்தில் எல்லார் முன்னாலும் சொல்வதுதான் முறை என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். கேட்க நன்றாகத்தான் இருந்தது. திரும்பிவிட்டேன்.

சனிக்கிழமை நாரிச்சிலிருந்து இரண்டு விருந்தினர்கள் வந்திருந்தார்கள். ஸ்டீபனைப் பற்றி நாற்பது நிமிடம் பேசினேன். 1141ஆம் வருடத்தை அப்படியே தாண்டிப் போனேன். வில்ஃப் கடைசி வரிசையில் கைகட்டி உட்கார்ந்திருந்தார். முடிந்ததும் வந்து, "அருமையாப் பேசுனீங்க, வாத்தியாரே," என்றார். எப்போதும் கொண்டுவரும் ராஜாக்கள் தட்டை அவர் அன்று கொண்டுவரவில்லை என்பதை அப்போது நான் கவனிக்கவில்லை. முரியல்தான் பிறகு சொன்னார், டிசம்பருக்குப் பிறகு அவர் அதைக் கொண்டுவந்ததே இல்லை என்று.

மார்ச்சில் எனக்குக் காய்ச்சல் என்று சொல்லியனுப்பினேன். காய்ச்சல் இல்லை. ஏப்ரலில் நான் போனேன், வில்ஃப் வரவில்லை. மே மாதமும் வரவில்லை. அவர் வராதது எனக்கு ஆறுதலாக இருந்தது. அந்த ஆறுதலைத்தான் என்னால் இன்றுவரை மன்னிக்க முடியவில்லை. ஒவ்வொரு வாரமும் 'இந்த வாரம்' என்று நினைப்பேன். வாரம் ஆக ஆகச் சொல்ல வேண்டியது இரண்டாகிவிட்டது. முதலில், நான் தவறினேன் என்று மட்டும் சொன்னால் போதுமாக இருந்தது. இப்போது, இத்தனை நாள் ஏன் சொல்லவில்லை என்பதையும் சொல்ல வேண்டும்.

அக்டோபர் கூட்டம் முடிந்து கோப்பைகளைக் கழுவும்போது முரியல் சொன்னார்: "சந்தையில ஐரிஸைப் பார்த்தேன். வில்ஃப் ராஜாக்களயெல்லாம் வித்துட்டாராம், தெரியுமா?"

கையிலிருந்த கோப்பையைக் கீழே வைத்தேன்.

"எல்லாத்தையுமா?"

"தட்டோட. மே மாசமே. ஏதோ வியாபாரி வந்து அள்ளிட்டுப் போயிட்டானாம். அந்தக் காசுல தோட்டத்துல கண்ணாடி வீடு கட்டியிருக்காராம், தக்காளி போடுறதுக்கு." துணியால் ஒரு கோப்பையைத் துடைத்தார். பிறகு என் பக்கம் திரும்பாமலேயே, "அன்னிக்கு மியூசியத்துக்கு அனுப்பியிருக்கலாம், லயனல்," என்றார். அவருக்கு எதுவும் தெரியாது.

மறுநாள் ஞாயிறு. மதிய வழிபாடு முடிந்ததும் போனேன். இந்த முறை சைக்கிளில் போகவில்லை; நடந்தால் திரும்ப நேரம் ஆகும், திரும்பி ஓட மனம் வராது என்று நினைத்து நடந்தேன்.

ஐரிஸ் கதவைத் திறந்தார். "உள்ள வாங்க, மிஸ்டர் கெரிசன். அவர் அவரோட அரண்மனையிலதான் இருக்கார்," என்று தோட்டத்தைக் காட்டினார்.

கண்ணாடி வீடு புதிதாகப் பளபளத்தது. உள்ளே நுழைந்ததும் தக்காளி இலை வாசனை. வில்ஃப் காய்ந்த கொடிகளைப் பிடுங்கிக்கொண்டிருந்தார். என்னைப் பார்த்ததும் முகமெல்லாம் மலர்ந்தது.

"வாத்தியாரே! வாங்க, வாங்க. காலைத் தொடச்சிட்டு வராதீங்க, தொடச்சிட்டுப் போங்க. அவ்ளோ சேறு இங்க."

தலைகீழாகக் கவிழ்த்த வாளியில் என்னை உட்கார வைத்தார். கடைசியாகக் காய்த்த நாலு தக்காளியைக் காட்டினார். நான் எதற்கு வந்தேன் என்று கேட்கவில்லை.

"ராஜாக்கள வித்துட்டீங்களாமே, வில்ஃப்," என்றேன்.

"ஆமா." கையிலிருந்த மண்ணைத் தட்டினார். "எனக்குக் கண்ணு இல்ல, வாத்தியாரே. அது அன்னிக்குத்தான் தெரிஞ்சுது. அந்தக் காசு நல்ல காசுன்னு நான் சத்தியம் பண்ணியிருப்பேன். கையில எடுத்ததுமே அவ்ளோ நிச்சயமா இருந்துச்சு. அதுவே போலின்னா, மத்த பதினொண்ணும் என்ன லட்சணமோ? ராத்திரி சாப்பாடு ஆனதும் தட்ட எடுத்து வெச்சிட்டு உக்காருவேன். ஒவ்வொருத்தனா மொறச்சிப் பார்ப்பேன். நீ நெசமா, நீ நெசமான்னு. முன்னயெல்லாம் அவனுங்களப் பார்த்தா சந்தோஷமா இருக்கும். பெறகு அப்படி இல்ல. வீட்டுக்குள்ள வந்த திருடனுங்களப் பாக்குற மாதிரி ஆயிடுச்சு. வெச்சுக்கிட்டு என்ன பண்றது?"

"அந்தக் காசு?" என்றேன். "அந்தப் பெரெரிக் காசு. அதையும் வித்துட்டீங்களா?"

அவர் முகம் கொஞ்சம் இறுகியது. புண்பட்டவர் போல.

"அத எப்படி விப்பேன்? போலியாச்சே. நீங்கதானே ஒரு தடவ கூட்டத்துல சொன்னீங்க, போலி கெடச்சா அடுத்தவன் ஏமாறாம அழிச்சிடணும், அதுதான் யோக்கியமான ஆளு செய்யறதுன்னு. தகரம் வெட்டுற கத்தரியால நாலா நறுக்கிட்டேன். சிலுவைக் கோட்டு மேலயே, அந்தக் காலத்துல சில்லறைக்கு வெட்டுவாங்கன்னு சொல்வீங்களே, அந்த மாதிரி. ஜூன்ல இந்தத் தளம் போட்டப்போ கான்கிரீட்டுல தூவிட்டேன்." பூட்ஸ் காலால் தரையைத் தட்டினார். "இங்கதான் எங்கயோ கெடக்கான் மகாராஜா. தக்காளிக்குக் காவல்."

ஜூன். நான் அடிக்குறிப்பைப் படித்தது பிப்ரவரி. எண்ணிப் பார்க்க வேண்டிய அவசியம்கூட இல்லை.

நான் சொன்னேன். தரையைப் பார்த்துக்கொண்டே சொன்னேன். லிங்கன் போர், சிறைப்பட்ட ராஜா, முடிசூடாத ராணி, பயந்துபோன காசு அடிப்பவர்கள். காசு நல்ல காசு, என் புத்தகத்திலேயே இருந்தது, நான் பார்க்கவில்லை, உங்கள் கண் சரி, என் கண்தான் பொட்டை என்று சொன்னேன். நான் முடித்ததும் அவர் கண்ணாடிக் கூரையை அண்ணாந்து பார்த்தார்.

"அப்ப நெசமான காசு," என்றார்.

"நெசமான காசு."

"என் லாரியில."

"உங்க லாரியில."

பெரிய கையால் வாயைத் துடைத்துக்கொண்டார். சிரிக்கிறாரா, அழுகிறாரா என்று தெரியவில்லை. இரண்டும் இல்லை என்று இப்போது நினைக்கிறேன். பிறகு கேட்டார்: "எப்ப தெரிஞ்சுது உங்களுக்கு?"

அந்தக் கேள்வியில் எந்தக் குத்தலும் இல்லை. சும்மா கேட்டார். பிப்ரவரி என்று சொல்லத்தான் வாயைத் திறந்தேன். அவர் பூட்ஸ் தரையில் இருந்தது. அந்தத் தரை ஜூன் மாதம் போட்டது.

"நேத்து," என்றேன். "நேத்து சாயங்காலம்."

அவர் எழுந்து வந்து என் தோளில் கை வைத்தார். மண் கை. அதன் கனம் இன்னும் தெரிகிறது.

"நேத்து தெரிஞ்சு இன்னிக்கே வந்துட்டீங்க," என்றார். "நடந்தே வந்திருக்கீங்க. வேற எவனா இருந்தாலும் வாயத் தொறந்திருக்க மாட்டான், வாத்தியாரே. எவனுக்குத் தெரியப்போவுது? நீங்க வந்தீங்க பாருங்க, அதுபோதும் எனக்கு."

தரையை உடைத்துத் தேடலாம், துண்டுகளாவது கிடைக்கும் என்றேன். அவர் சிரித்தார். "போங்க வாத்தியாரே. நாலு துண்ட வெச்சு ஒட்டவா முடியும்? ஐரிஸ் என்னைய ஒடச்சிடுவா." நான் கிளம்பும்போது அந்த நாலு தக்காளியையும் காகிதத்தில் சுற்றிக் கொடுத்தார். அவற்றை வீட்டுக்குக் கொண்டுவந்து ஜன்னல் விளிம்பில் வைத்தேன். அழுகும் வரை அங்கேயே இருந்தன.

அதற்குப் பிறகு எங்கள் பழக்கம் அதிகமானது. அது எனக்குப் பெரிய தண்டனை. கிறிஸ்துமஸ் மறுநாள் என்னை விருந்துக்குக் கூப்பிடுவார்கள். வில்ஃப் யாரிடம் என்னை அறிமுகப்படுத்தினாலும் அந்தக் கதையைச் சொல்லாமல் விடமாட்டார். கதையில் அவர் காசை வெட்டுவது சிரிப்பு. நான் மறுநாளே ஓடிவந்தது முத்தாய்ப்பு. சங்கத்துக்கு அவர் திரும்ப வரவில்லை. ஒரு வருடம் கழித்து என் சொந்தத் தொகுப்பில் பாதியை விற்று, நல்ல ஸ்டீபன் பென்னி ஒன்றை வாங்கி அவருக்குக் கொடுத்தேன். வேண்டாம் என்று எவ்வளவோ சொன்னார். கடைசியில் வாங்கி அலமாரி மேல் கடிகாரத்துக்குப் பக்கத்தில் வைத்தார். அடுத்த கிறிஸ்துமஸுக்குப் போனபோதும் அது அதே இடத்தில், நான் கொடுத்த உறையிலேயே இருந்தது. அவர் பொய்யாக நன்றி சொல்லத் தெரியாதவர். "பார்த்தா ஒண்ணும் தோண மாட்டேங்குது, வாத்தியாரே. காசு மேல தப்பு இல்ல," என்றார்.

2003 மார்ச்சில் வில்ஃப் இறந்தார். மாரடைப்பு, கண்ணாடி வீட்டில் விதைத் தட்டுகளை அடுக்கும்போது. அடக்கம் முடிந்து அவர் வீட்டில் எல்லாரும் கூடியிருந்தோம். ஹாம் சாண்ட்விச்சும் தேநீரும். ஐரிஸ் தன் தங்கையிடம் என்னைக் காட்டி, "இவர்தான் மிஸ்டர் கெரிசன். காசு விஷயத்துல தப்புன்னு தெரிஞ்ச மறுநாளே நடந்து வந்து சொன்னாருன்னு அவர் சொல்வாரே, அவர்," என்றார். அந்தம்மா என் கையைப் பிடித்துக் குலுக்கினார். நான் தலையை ஆட்டினேன்.

அந்தத் தலையாட்டலுக்குப் பிறகு எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. பத்து நாள் கழித்து ஐரிஸைப் பார்க்கப் போனேன். அவர் சமையலறையில் வில்ஃபின் சட்டைகளை மடித்துப் பெட்டியில் வைத்துக்கொண்டிருந்தார். தர்ம காரியத்துக்காகப் பழைய துணி விற்கும் கடைக்குக் கொடுக்க. உட்காரச் சொன்னார். நின்றுகொண்டே சொன்னேன். பிப்ரவரி என்று சொன்னேன். தெரு முனைவரை சைக்கிளில் வந்து, அவர் திரையை மூடுவதைப் பார்த்துவிட்டுத் திரும்பியதைச் சொன்னேன். காய்ச்சல் என்று பொய் சொன்னதைச் சொன்னேன்.

ஐரிஸின் கை ஒரு நீலச் சட்டையின் மேல் நின்றது.

"பிப்ரவரியா?"

"ஆமாம்."

"அவர் மே மாசந்தான் தட்ட வித்தார். விக்கிறதுக்கு முன்னாடி ராத்திரி அதத் தொடச்சு, எண்ணெய் போட்டு வெச்சார். நான் பார்த்துக்கிட்டே இருந்தேன்." "தளம் போட்டது ஜூன்."

"ஆமாம், ஐரிஸ்."

"அவர்கிட்ட சொல்லியிருக்கணும் நீங்க. சொல்லியிருந்தா ரெண்டு நாள் மூஞ்சத் தூக்கி வெச்சிட்டுப் பெறகு சிரிச்சிருப்பார். அவர் அப்படித்தான். எனக்கு அந்த மாதிரி சிரிக்க வராது." சட்டையின் பொத்தான்களை ஒவ்வொன்றாகப் போட்டார். "இருபத்திமூணு வருஷம் மிஸ்டர் கெரிசன். யாராவது எங்கயாவது யோக்கியமா ஒண்ணு செஞ்சா, நம்ம வாத்தியார் மாதிரின்னு சொல்வார். எங்க பையனுக்குக் கடுதாசில எழுதுவார். அவர் போயிட்டார், அந்தப் பேச்சுதான் என்கிட்ட மிச்சம். அதுலயும் கைய வெச்சிட்டீங்களே. இப்ப எதுக்கு வந்து சொல்றீங்க? யாருக்காக?"

உண்மையில் அது எனக்காகத்தான் என்பது அவர் கேட்ட பிறகுதான் எனக்கே தெரிந்தது.

"போயிட்டு வாங்க," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. "கதவ நல்லா இழுத்துச் சாத்துங்க, ஈரத்துக்கு ஒட்டிக்குது."

அந்தக் கிறிஸ்துமஸுக்கு அவரிடமிருந்து வாழ்த்து அட்டை வரவில்லை. அடுத்த வருடம் வந்தது. உள்ளே வேறு எதுவும் எழுதவில்லை, ஐரிஸ் என்று மட்டும் இருந்தது. நான் பதில் அட்டை ஒன்று வாங்கினேன். என்ன எழுதுவது என்று யோசித்து, கடைசியில் நானும் என் பெயரை மட்டும் எழுதி அனுப்பினேன்.